தீம் என்னப்பா? – ‘தீமேட்டிக்’ என்ற சொல்லைத் தேடிப் போன கதை

எங்க டீம்ல மூணு பேர், மூணு பேருமே சிவில். ப்ராஜெக்ட் செகண்ட் ரிவ்யூவில் முதல் ஸ்லைடைப் போட்டோம். தலைப்பு: ‘தாம்பரம் – பெருங்களத்தூர் பகுதி நீர்நிலைகளின் தீமேட்டிக் மேப்பிங்’. அடுத்த ஸ்லைடில் க்யூஜிஐஎஸ்-ல ராத்திரி முழுக்க உட்கார்ந்து செஞ்ச மேப். ஏரி எல்லாம் நீலம், ரோடு கறுப்பு, வீடுகள் சாம்பல் கலர், ஜிஎஸ்டி ரோடு மட்டும் கொஞ்சம் தடிமனா. பார்க்க நல்லாத்தான் இருந்தது.

கைடு மேடமும் அதைத்தான் சொன்னாங்க. “மேப் அழகா இருக்கு. தலைப்புல தீமேட்டிக்னு போட்டிருக்கீங்களே, தீம் என்னப்பா?”

“ஏரி, மேடம்.”

“ஏரி தீம் இல்லப்பா. ஏரி, ஏரி.”

பேனல்ல இருந்த எல்லாரும் சிரிச்சுட்டாங்க. கடைசியில் மேடம் சொன்னது: “அடுத்த ரிவ்யூவுக்குள்ள தீமைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க. இல்லைன்னா அந்த வார்த்தையைத் தலைப்பிலிருந்து எடுத்துடுங்க.” தீமையைக் கண்டுபிடிக்கச் சொன்ன ஒரே கைடு உலகத்திலேயே எங்களுக்குத்தான் கிடைச்சிருக்காங்கன்னு வெளியே வந்து சிரிச்சோம். ஆனா உண்மை என்னன்னா, எங்க மூணு பேருக்கும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான். தீம் சாங், தீம் பார்க், தீம் பார்ட்டி, போன்ல டார்க் தீம் என்று தினமும் சொல்றேன். அர்த்தம் கேட்டா கையைத்தான் ஆட்ட வருது.

சொல்லை எடுத்துடறது ஈஸி. ஒரு பேக்ஸ்பேஸ் போதும். எடுக்காம, அது என்னன்னு பார்ப்போமேன்னு தேடினதில் கிடைச்சதுதான் இந்தக் கட்டுரை.

கீழே வைத்த பொருள்

‘தீம்’ கிரேக்கச் சொல். அங்கே அதன் வடிவம் ‘தேமா’. யாப்பிலக்கணம் படிச்சவங்களுக்கு உடனே தேமா, புளிமா ஞாபகம் வரும். அது வேற, தித்திக்கிற மாமரம். இது கிரேக்கத் தேமா. இதற்கு நேரான அர்த்தம் ‘வைக்கப்பட்டது’. பேசப் போற விஷயத்தை நடுவில் கொண்டுவந்து வைக்கிறோம் இல்லையா, அப்படி வைத்த பொருள். தமிழிலும் நாம ‘கருத்தை முன்வைத்தார்’, ‘கோரிக்கை வைத்தார்’ன்னுதானே சொல்றோம். அதே எண்ணம்தான்.

இந்தச் சொல்லை ரெண்டாகப் பிரிக்கலாம். ‘தே’ என்பது வேர். வை, இடு என்று பொருள். ‘மா’ என்பது விகுதி. ஒரு செயலின் விளைவாகக் கிடைத்த பொருளைக் குறிக்கும். ‘ப்ராப்ளம்’ என்ற சொல்லும் இதே மாதிரி செஞ்சதுதான். முன்னால் எறி என்ற வினையோடு அதே ‘மா’ சேர்ந்து ‘ப்ரோப்ளேமா’: முன்னால் தூக்கிப் போடப்பட்டது. ஆக தீம் என்பது நம்ம முன்னால் மெதுவா வைத்தது, ப்ராப்ளம் என்பது நம்ம முன்னால் எறிந்தது. எங்க ரிவ்யூவில் ரெண்டும் ஒண்ணாவே வந்து விழுந்தது.

கிரேக்கத்திலிருந்து லத்தீன், லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு, அங்கிருந்து 1300 வாக்கில் ஆங்கிலம். பிரெஞ்சுக்குள் போனபோது கடைசி ‘ஆ’ தேய்ந்து போனது. ‘தீமேட்டிக்’ என்ற பெயரடை ரொம்பப் பிந்தி, 17ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஆங்கிலத்தில் வருது. அதை நேரா கிரேக்கப் புத்தகத்திலிருந்தே எடுத்தாங்க, அதனால் தேயாமல் முழுசா வந்தது.

இங்கே ஒரு சந்தேகம் வரணும். எனக்கு வந்தது. தீம் என்பதிலிருந்து ‘தீமிக்’தானே வரணும், நடுவில் அந்த ‘மேட்’ எப்படி நுழைந்தது? பதில் கிரேக்க வேற்றுமையில் இருக்கு. நம்ம ‘மரம்’ வேற்றுமை ஏற்கும்போது ‘மரத்து’ ஆகிற மாதிரி, ‘தேமா’ வேற்றுமை ஏற்கும்போது ‘தேமாத்’ ஆகும். தமிழில் இதுக்கு அத்துச் சாரியைன்னு பேர். கிரேக்கத்தில் அந்த ‘த்’ எப்படி வந்ததுங்கிற வரலாறு வேற, ஆனா பார்க்க ஒரே மாதிரி வேலைதான். மரம் – மரத்து, தேமா – தேமாத். அந்த ‘தேமாத்’தோடு ‘இக்’ ஒட்டினா தீமேட்டிக்.

இந்த ஒரு விஷயம் தெரிஞ்சதும் நம்ம சிலபஸ்ல பாதி வெளிச்சமாகும். ஸ்கீமா – ஸ்கீமேட்டிக், அதான் இஇஇ பசங்க போடற சர்க்யூட் படம். ‘கினேமா’ன்னா அசைவு; அதிலிருந்து மெக்கானிக்கல்காரங்களைப் படுத்தற கைனமேட்டிக்ஸ். சினிமாவும் அதே சொல்தான். ‘நியூமா’ன்னா காற்று, மூச்சு, அதிலிருந்து நியூமேட்டிக். ‘மாத்தேமா’ன்னா கற்றுக்கொள்ளப்பட்டது; அதிலிருந்து மேத்தமேட்டிக்ஸ். டிராமா – டிரமேட்டிக், ஆக்சியம் – ஆக்சியமேட்டிக், சிஸ்டம் – சிஸ்டமேட்டிக், ப்ராப்ளம் – ப்ராப்ளமேட்டிக் எல்லாம் ஒரே அச்சு. ‘ஆட்டோமேட்டிக்’ மட்டும் இந்தக் குடும்பம் இல்லை, ஒட்டிக்கிட்டு நிற்குது. அதில் இருக்கிற ‘மேட்’டுக்கு நினைத்தல் என்று அர்த்தம், தானே நினைத்து இயங்குவது. இன்டர்வியூவில் யாரும் கேட்க மாட்டாங்க, தெரிஞ்சு வெச்சுக்கலாம்.

தீமோட சொந்தக்காரங்க தமிழிலும் இருக்காங்க

கிரேக்கத்தில் ‘வைக்கிறேன்’ என்பதற்கு ‘திதேமி’. சமஸ்கிருதத்தில் அதே பொருளுக்கு ‘ததாமி’. ரெண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. ஒரே பழைய மூலத்திலிருந்து பிரிந்த ரெண்டு கிளை. அந்த சமஸ்கிருத வேரிலிருந்து வந்து தமிழில் குடியேறிய சொற்களை நாம தினமும் சொல்றோம். நிதி: கீழே வைத்தது. விதி: வகுத்து வைத்தது. சந்தி: சேர்த்து வைத்தது. சமாதியும் இந்த வகையறாதான்.

ஆங்கிலப் பக்கம் பார்த்தா தீசிஸ், ஹைபாதசிஸ், சிந்தசிஸ், பரென்தசிஸ் எல்லாம் இதே ‘வை’. சிந்தசிஸ் என்றால் சேர்த்து வைத்தல், சந்தி என்றாலும் சேர்த்து வைத்தல். கெமிஸ்ட்ரி லேபில் செய்வதும் தமிழ் வகுப்பில் ஒற்று மிகும், மிகாது என்று மண்டையை உடைத்துக்கொண்டதும் வார்த்தை அளவில் ஒரே வேலை. பேங்க்ல ‘வைப்பு நிதி’ன்னு எழுதியிருப்பாங்க பாருங்க, அதை வேர் பார்த்துப் படிச்சா ‘வைத்து வைத்தது’. கேட் கேட்டுங்கிற மாதிரி.

இதை எல்லாம் எங்க இதழ் வாட்ஸ்அப் குரூப்ல ஆர்வமா போட்டேன். உடனே ஒரு ஜூனியர், “அண்ணா, அப்போ திணைங்கிறதுதான் தீம் ஆயிருக்கும். திணை, தீம். தமிழ்தான் மூலம்!” என்று போட்டான். இருபது லைக். ஆசையாத்தான் இருக்கு, எனக்கும்தான். ஆனா நிற்காது. தீமில் இருக்கிற ‘ம்’ வேரில் கிடையாது, அது விகுதி என்று மேலே பார்த்தோம். விகுதியைக் கழற்றிட்டா மிச்சம் வெறும் ‘தே’. திணையில் இருக்கிற ‘ண்’ணுக்கு அங்கே ஜோடியே இல்லை. ரெண்டு சொல் காதுக்கு ஒரே மாதிரி இருந்தா போதாது, ஒவ்வொரு துண்டும் ஏன் அங்கே இருக்குன்னு காரணம் சொல்ல முடியணும். டிசைன் கால்குலேஷனில் கடைசி விடை மட்டும் மேட்ச் ஆனா மார்க் போடுவாங்களா?

ஆனா அந்த ஜூனியருக்கு நன்றி. உறவு இல்லைன்னாலும், திணை என்ற சொல்லைத் தீம் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்னு எனக்குத் தோணினதே அவனால்தான். ரெண்டு சொல்லும் நடந்து வந்த பாதை வியக்கிற அளவுக்கு ஒண்ணா இருக்கு. பைசாந்தியப் பேரரசில் 7ஆம் நூற்றாண்டு தொடங்கி ‘தேமா’ என்று ஒரு படைப்பிரிவைச் சொன்னாங்க. அப்புறம் அந்தப் படை தங்கியிருந்த நிலப்பகுதிக்கே, அதாவது மாகாணத்துக்கே, அந்தப் பேர் வந்தது. அனத்தோலிக்கோன், ஆர்மேனியாக்கோன் எல்லாம் அப்படிப்பட்ட தேமாக்கள். ஆக கிரேக்கத்தில் பேசுபொருளும் தேமா, நிலப்பிரிவும் தேமா. தமிழில் ஒழுக்கமும் திணை, நிலப்பிரிவும் திணை. இலங்கையில் அரசுத் துறைக்கே ‘திணைக்களம்’னுதான் பேர். அங்கே சர்வே டிபார்ட்மென்ட் ‘நில அளவைத் திணைக்களம்’. எங்க பெருங்களத்தூரில் இருக்கிற ‘களம்’ அதிலும் இருக்கு.

பேஸ் மேப், தீமேட்டிக் மேப்

இப்போ மேப்புக்கு வரேன். மேப்பில் ரெண்டு ஜாதி. ஒண்ணு ‘எது எங்கே இருக்கு’ என்று சொல்வது. டோப்போஷீட், கூகுள் மேப் மாதிரி. இன்னொண்ணு, ஒரு விஷயத்தை எடுத்துக்கிட்டு ‘அது இடத்துக்கு இடம் எப்படி மாறுது’ன்னு காட்டுவது. ரெண்டாவதுதான் தீமேட்டிக்.

முதல் ஜாதியின் பெரிய வேலை ஒண்ணு நம்ம பக்கத்தில்தான் ஆரம்பிச்சது. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் பரங்கிமலை பக்கத்தில் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் வரை சுமார் ஏழரை மைல், எஃகுச் சங்கிலியை வைத்து. அந்த ஒரு கோட்டின் மேல்தான் முக்கோணம் முக்கோணமா அடுக்கி இந்தியா முழுக்க அளந்தாங்க. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி பஸ்ல போறப்ப இடது பக்கமோ வலது பக்கமோ அந்தக் கோட்டுக்கு ரொம்ப தூரத்தில் நாம இல்லை. லாம்டனின் கேள்வி ‘எங்கே’ மட்டும்தான்.

ரெண்டாவது ஜாதியும் பழசுதான். 1686இல் எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பேர் கொடுத்த அதே ஹாலி, கடல்மேல் வீசும் காற்றுகளை வரைபடமாக்கினார். 1826இல் பிரான்சில் சார்ல் டுப்பென் எந்த மாவட்டத்தில் படிப்பு எவ்வளவு என்பதைக் கறுப்பு வெள்ளை ஷேடில் காட்டினார். 1854இல் லண்டன் சோஹோவில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ, இறந்தவர்களைத் தெருவாரியாகக் குறித்தார். குறிகள் பிராட் ஸ்ட்ரீட் அடிபம்பைச் சுற்றிக் குவிந்தன. ஸ்னோவின் படத்தில் தெருவும் இருக்கு, வீடும் இருக்கு, பம்பும் இருக்கு. அது எதுவும் தீம் இல்லை. ‘சாவு இந்தத் தண்ணியிலிருந்து வருது’ என்பதுதான் அவர் நடுவில் வைத்தது.

இந்தியாவில் இந்த ரெண்டு ஜாதிக்கும் தனித்தனி ஆபீஸே இருக்கு. டோப்போஷீட்டுக்கு சர்வே ஆஃப் இந்தியா. மற்றதுக்குக் கொல்கத்தாவில் இருக்கிற நேட்மோ. 1956இல் நேஷனல் அட்லஸ் ஆர்கனைசேஷன் என்று ஆரம்பிச்சு, 1978இல் பேரில் ‘தீமேட்டிக் மேப்பிங்’கைச் சேர்த்துக்கிட்டாங்க. ரிமோட் சென்சிங் படிச்சவங்களுக்கு லேண்ட்சாட் ‘தீமேட்டிக் மேப்பர்’ ஞாபகம் இருக்கும். 1982இல் லேண்ட்சாட் 4-ல ஏறிய சென்சார். மொத்தம் ஏழு பேண்ட், வெப்ப பேண்ட் தவிர மற்றதெல்லாம் 30 மீட்டர் ரெசல்யூஷன். ஒவ்வொரு பேண்டும் ஒரு கேள்விக்காகத் தேர்ந்தெடுத்தது: பயிர் எப்படி இருக்கு, நிலத்தில் ஈரம் இருக்கா, பாறை என்ன வகை. ஏழாவது பேண்ட் ஜியாலஜிஸ்டுகள் கேட்டதால் பின்னாடி சேர்த்தது. அதனால்தான் வரிசைப்படி இருக்காம ஆறுக்குப் பிறகு நிற்குது. நாலு மார்க் கேள்வியா இதைப் படிச்சப்ப அந்த ‘தீமேட்டிக்’ எதுக்குன்னு எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோணலை.

கருவா, உரியா?

சரி, தீமேட்டிக் மேப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘கருப்பொருள் வரைபடம்’ என்று எழுதுவதைப் பார்த்திருப்பீங்க. தீம் என்றாலே நாமளும் ‘கருப்பொருள்’ என்றுதான் போடறோம். எங்க இதழிலேயே ‘இந்த இதழின் கருப்பொருள்: மழை’ன்னு போட்டிருக்கோம்.

எனக்கு இங்கேதான் ஒரு நெருடல். அண்ணா பல்கலைக்கழக ரெகுலேஷன் 2021-ல முதல் செமஸ்டர்ல ‘தமிழர் மரபு’ன்னு ஒரு கிரெடிட் பேப்பர் இருக்கே, அதில் நாலாவது யூனிட் திணைக் கோட்பாடு. நாம எல்லாரும் எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி அந்த டேபிளை மனப்பாடம் செஞ்சோம். குறிஞ்சி–மலை, முல்லை–காடு, அப்படியே இழுத்துக்கிட்டு போனோம். அந்தப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். தொல்காப்பியம் ஒரு அகப்பாட்டில் இருப்பதை மூணு அடுக்காகப் பிரிக்குது.

முதற்பொருள்: நிலமும் பொழுதும். எந்த இடம், எந்தப் பருவம், நாளின் எந்த வேளை.

கருப்பொருள்: அந்த நிலத்தில் இருப்பவை. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று பட்டியல் போகும்.

உரிப்பொருள்: அந்தப் பாட்டு எதைப் பற்றியதோ அது. குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல்.

இப்போ சொல்லுங்க, தீம் எது? கருப்பொருளா? தொல்காப்பியக் கணக்குப்படி மயில், வேங்கை மரம், தினை எல்லாம் கருப்பொருள். அதாவது செட் ப்ராப்பர்ட்டி. தீம் என்றால் உரிப்பொருள்தான். நாம ஒரு அடுக்கு தள்ளி மொழிபெயர்த்து வெச்சிருக்கோம். ‘கதைக்கரு’ என்று சொல்லும்போது கரு என்பதற்கு முளை, விதை என்ற அர்த்தம். அதிலிருந்து கருப்பொருள் வந்திருந்தா அது தப்பே இல்லைன்னு வாதாடலாம். வழக்கத்தில் நிலைச்ச சொல்லை மாத்தச் சொல்லி நான் கொடி பிடிக்கவும் போறதில்லை. ஆனா யோசிக்கும்போது மட்டும் கருவையும் உரியையும் குழப்பக் கூடாது. எங்க ரிவ்யூவில் நடந்தது அந்தக் குழப்பம்தான். ‘தீம் என்ன’ன்னு கேட்டாங்க. நான் கருப்பொருளைச் சொன்னேன். ஏரி.

தொல்காப்பியம் இன்னொண்ணும் சொல்லுது. உரிப்பொருள் தவிர மற்றவை ஒன்றில் ஒன்று மயங்கலாம். ஒரு திணைக்குரிய பறவையோ பூவோ இன்னொரு திணையில் வரலாம், பாட்டு கெடாது. எது மாறலாம், எது மாறக் கூடாது என்பதற்கு ரூல் அங்கேயே இருக்கு.

இதுக்கு நம்ம ஊர் உதாரணம் சொல்றேன். பெருங்களத்தூரை எந்தத் திணையில் வைப்பீங்க? ஏரி இருக்கு, ஒரு காலத்தில் வயலும் இருந்தது, அதனால் மருதம் எனலாம். பக்கத்தில் வண்டலூர் காடு, அதனால் முல்லை எனலாம். ஆனா தமிழ்நாடு முழுக்க ‘பெருங்களத்தூர்’ என்ற பேர் எதுக்குத் தெரியும்? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின ராத்திரி, ஜிஎஸ்டி ரோட்டோரம், பையைக் காலுக்கு நடுவில் வெச்சுக்கிட்டு தெற்கே போற பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம். போறவங்களுக்குச் சந்தோஷம். திரும்பி வரும்போது விடிகாலையில் அதே இடத்தில் இறங்குவாங்க பாருங்க, அந்த முகத்தில் இருக்கும் உரிப்பொருள். பொருள் தேடப் பிரிந்தவன் நடக்கும் வழி பாலை. பாலையின் பொழுது வேனிலும் நண்பகலும். இங்கே ஐப்பசி மழை, ராத்திரி பதினொன்றரை மணி, சோடியம் விளக்கு. முதலும் கருவும் தலைகீழ். ஆனாலும் பிரிவு பிரிவுதான்.

2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தாங்க. தெற்கே போற பஸ்கள் அங்கே போயின. பெருங்களத்தூர் ரோட்டோரக் கூட்டம் குறைஞ்சது, டீக்கடைக்காரருக்கு வியாபாரம் குறைஞ்சது. நிலம் ரெண்டு ஸ்டேஷன் தள்ளிப் போச்சு. கருப்பொருளும் மாறிடுச்சு, இப்போ பிளாட்பாரம், டிஸ்ப்ளே போர்டு, எஸ்கலேட்டர். அங்கே நிற்பவர்களின் உரிப்பொருள் மட்டும் அப்படியே இருக்கு. டாபிக்கும் தீமும் வேற வேற என்று யாராவது கேட்டா இதைச் சொல்லலாம். டாபிக், பஸ் ஸ்டாண்ட். தீம், ஊரை விட்டு வந்தது.

ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை மொழிபெயர்த்து 1967இல் போட்ட புத்தகத்துக்கு ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்று பேர் வெச்சார். உள்ளே இருக்கும் நிலக்காட்சி. திணைக்கு ஒரு ஆங்கிலச் சொல் போதாதுன்னு ரெண்டு சொல்லை ஒட்ட வெச்சிருக்கார்.

படத்தைப் பார்த்துக் கதை எழுது

எங்க ஹாஸ்டல்ல எஸ்எஸ்பி-க்குத் தயாராகிறவன் ஒருத்தன் இருக்கான். பரங்கிமலை ஓடிஏ கேட்டைத் தாண்டும்போதெல்லாம் ட்ரெயின் ஜன்னலில் நிமிர்ந்து உட்காருவான். எஸ்எஸ்பி-யில் டிஏடி என்று ஒரு டெஸ்ட்: தீமேட்டிக் அப்பர்செப்ஷன் டெஸ்ட். 30 நொடி ஒரு படம் காட்டுவாங்க, 4 நிமிஷத்தில் கதை எழுதணும். மொத்தம் 12. கடைசிப் படம் வெறும் வெள்ளை.

ஹார்வர்டில் ஹென்றி மர்ரேவும் கிறிஸ்டியானா மார்கனும் 1935இல் வெளியிட்ட டெஸ்ட் இது. மர்ரே ‘தேமா’ என்ற கிரேக்கச் சொல்லையே தனக்கு ஒரு கலைச்சொல்லா வெச்சுக்கிட்டார். ஒருத்தனுக்குள் இருக்கும் தேவை ஒரு பக்கம், வெளியிலிருந்து அவனை அழுத்துவது இன்னொரு பக்கம். ரெண்டும் மோதும் இடம்தான் தேமா. நம்ம ரூம்மேட் ஆரம்பத்தில் எல்லாப் படத்துக்கும் ராணுவக் கதையா எழுதிக்கிட்டு இருந்தான். மங்கலான படத்தில் ஒருத்தர் ஜன்னல் பக்கம் நின்னா அவர் கேப்டன், வயல்ல நின்னா அவரும் கேப்டன். டாபிக்கைத்தான் திரும்பத் திரும்ப எழுதறோம், தீமை இல்லைன்னு அவனுக்கு இந்தக் கட்டுரைக்காகப் பேசினப்பதான் உறைச்சது. படம் முதலும் கருவும் மட்டும்தான் கொடுக்கும். உரிப்பொருளைப் பார்க்கிறவன்தான் வைக்கணும். வெள்ளை அட்டையில் அது ரொம்ப அப்பட்டமாத் தெரிஞ்சுடும்.

எம்பிஏ படிக்கும் அக்கா ஒருத்தங்க ‘தீமேட்டிக் அனாலிசிஸ்’ பற்றிச் சொன்னாங்க. பிரவுன், கிளார்க் என்ற இருவர் 2006இல் எழுதிய கட்டுரைதான் அதில் எல்லாரும் காட்டுவது. அவங்களும் இதையே வலியுறுத்தறாங்க: இன்டர்வியூக்களைக் குவிச்சு வெச்சா தீம் தானா மேலே மிதந்து வராது, படிக்கிறவர்தான் செய்யணும். மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் வரும் ‘தீமேட்டிக் ஃபண்ட்’ ஓரளவு இதே கதை. 2017 அக்டோபரில் செபி போட்ட வகைப்பாட்டில், சொன்ன துறையிலோ தீமிலோ குறைந்தது 80 சதவீதம் முதலீடு இருக்கணும். துறை என்றால் வங்கி மட்டும், மருந்து மட்டும். தீம் என்றால் ‘உள்கட்டமைப்பு’ மாதிரி ஒரு எண்ணம். சிமென்ட், ஸ்டீல், மின்சாரம் எல்லாம் அதற்குள் வரும். முதலீட்டு ஆலோசனை சொல்ற தகுதி எனக்கு இல்லை, அரியர் பீஸே இன்னும் கட்டலை.

மறுபடியும் ஏரி

வார்த்தை புரிஞ்சது. ஆனா எங்க மேப்பின் தீம் என்னன்னு அப்பவும் தெரியலை. ஒரு சனிக்கிழமை வீட்டில் லேப்டாப்பில் மேப்பைத் திறந்து வெச்சிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாங்க.

“இது நம்ம ஏரியாவா?”

“ஆமாம்மா. ஏரி எல்லாம் குறிச்சிருக்கோம்.”

“ஏரி எங்க இருக்குன்னு எனக்கே தெரியுமே. அன்னைக்கு தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு, அதைக் காட்டுது?”

காட்டலை. 2015 டிசம்பர்ல நான் ஆறாவது படிச்சேன். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எல்லாம் மூழ்கினப்ப எங்க வீடும் மூழ்கியது. கிரவுண்ட் ஃப்ளோர். நடுராத்திரி அம்மா என்னை மாடிக்கு ஏத்திவிட்டுட்டு, பீரோவில் இருந்த பத்திரத்தை எடுக்கத் திரும்ப இடுப்பளவு தண்ணியில் இறங்கினாங்க. தண்ணி தெருவிலிருந்து வரும்னு வாசலைப் பார்த்துக்கிட்டு நின்னோம். அது பின்பக்கச் சுவர் வழியா வந்தது. பின்னாடி ஒரு கால்வாய் இருந்திருக்கு, அதன் மேல்தான் எங்க தெருவே நிற்குதுன்னு அப்புறம் பெரியவங்க சொன்னாங்க.

நம்ம பக்கத்து ஏரிகள் தனித்தனி இல்லை, சங்கிலி. ஒண்ணு நிரம்பினா கலங்கல் வழியா வழிஞ்சு, கால்வாய் பிடிச்சு அடுத்ததுக்குப் போகும், கடைசியா அடையாறு. எங்க முதல் மேப்பில் ஏரிகள் நீலக் குட்டைகளா தனித்தனியா மிதந்துக்கிட்டு இருந்தன. சங்கிலியைக் காணோம். அம்மா கேட்டது அந்தச் சங்கிலியைத்தான்.

புது மேப்பில் ஏரிகளை வெளிறிய நீலமாக்கிட்டோம், ரோடும் வீடும் மெல்லிய சாம்பல். ஒரு ஏரியிலிருந்து அடுத்ததுக்குத் தண்ணி போகும் கோடு மட்டும் அழுத்தமா. அந்தக் கோட்டைக் கட்டடம் மறிக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி. சாட்டிலைட் உயரத் தரவு 30 மீட்டர் கட்டம் என்பதால் இந்த மாதிரிச் சமதளத்தில் அதை நம்பி மட்டும் கோடு போட முடியாது. தண்ணி வீட்டு மொட்டை மாடியில் ஏறி ஓடற மாதிரி காட்டும். அதனால் பழைய டோப்போஷீட்டை வைத்துக்கொண்டு மூணு ஞாயிற்றுக்கிழமை நடந்தோம். கல்வெர்ட் இருக்கும், கால்வாய் இருக்காது. கலங்கலைத் தாண்டி இருபதடியில் காம்பவுண்டு சுவர் நிற்கும். ஒரு தாத்தா தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே கையை நீட்டி, “இப்படித்தாம்பா ஓடும்”னு ஒரு முழு வாய்க்காலையும் வரைஞ்சு காட்டினார்.

தேர்ட் ரிவ்யூவில் தலைப்பில் ‘தீமேட்டிக்’ அப்படியே இருந்தது. மேடம் மேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. தீம் என்னன்னு இந்தத் தடவை கேட்கலை.

“இதுல ஏரியோட பரப்பு எந்த மாசத்து இமேஜ்ல இருந்து எடுத்தது?”

“மே மாசம், மேடம். மேகம் இல்லாம கிளியரா இருந்தது.”

“தண்ணி ஓடற கதையைச் சொல்றீங்க, காய்ஞ்ச மாசத்துப் படத்தை வெச்சுக்கிட்டு. டிசம்பர் படம் வெச்சு இன்னொண்ணு போடுங்க.”

முதற்பொருள். நிலத்தைக் கவனிச்சோம், பொழுதை விட்டுட்டோம். டிசம்பர்ல மேகம் மறைக்கும், அதனால் மேகத்தைத் தாண்டிப் பார்க்கிற ரேடார் படம்தான் வேணும். சென்டினல்-1 டேட்டாவை ஹாஸ்டல் வைஃபையில் இறக்கிக்கிட்டு இருக்கேன். நேத்து ராத்திரி ஆரம்பிச்சது, இன்னும் 62 சதவீதத்தில் நிற்குது.